முறுமுறுக்காத மாதம்

ஆண்டவர் சிலுவையில் கத்தினாரே, அதற்காக அவரையும் பாட்டுப் பாட வைத்தார்களா?

இது என் மகள் அபி கேட்ட கேள்வி. அவளுக்கு ஐந்து வயது. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரில் ஒரு கிளினிக்குக்கு வெளியே, காரின் பின் இருக்கையில், இடது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டாள். வெளியே மழை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. காருக்குள் மருந்து வாடையும் ஈரச் செருப்பு வாடையும் கலந்து அடித்தது.

முன்னிருக்கைகளில் இருந்த நானும் என் கணவர் டேனியலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவர்கள். 

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியாது.

கேள்வியில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். அதற்கு எங்கள் சபையில் நடந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிச்சலில்லாமல் சொல்லத்தான் பார்க்கிறேன்.

பாஸ்டரின் யோசனை

நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்துக் கோட்டர்ஸ் வீட்டில். டேனியல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். ஈப்போ நகரில் டிப்ளோமா படித்தவள் கேக் வெட்டுகிறாள் என்று என் அண்ணன் கிண்டல் செய்வதை இந்தப் பகுதியில் முன்பே ஒரு வாரம் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒரு கைப்பிடி. பழைய பாலர் பள்ளிக் கட்டடம் ஒன்றில் ஞாயிறு தோறும் கூடுகிறோம். பாஸ்டர் ரிங்லெட் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மழைக்கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வேதத்தைத் திறப்பார். நல்ல மனிதர். கோபப்படவே தெரியாதவர். அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடிவதில்லை.

போன மழைக்காலத்தில், ஆண்டு முடிவில் வரும் ஸ்தோத்திர ஆராதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர் ஒரு யோசனை சொன்னார். ஒரு மாதம் யாரும் முறுமுறுக்கக் கூடாது. எது நடந்தாலும் 'ஸ்தோத்திரம்' மட்டும்தான்.

எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் புழங்காத வாசகர்களுக்காக: ஸ்தோத்திரம் என்றால் கடவுளுக்கு நன்றி. ஆனால் எங்களுக்கு வணக்கம், போய்வருகிறேன், அப்பாடா, ஐயையோ எல்லாமே அதுதான்.

"தண்ணி கட் ஆனா, பாஸ்டர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஸ்தோத்திரம் சொல்லுங்க, பிரதர்."

"மேனேஜர் ஏசுனா?"

"அப்பவும் ஸ்தோத்திரம்."

"யாருக்கு பாஸ்டர், மேனேஜருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். பிறகு கண்களை மூடி, நல்ல நாளில் நன்றி சொல்ல யாராலும் முடியும், கெட்ட நாளில் சொல்வதுதான் விசுவாசம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் சீக்கிரம் பதறுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள். இந்த ஒரு மாதமாவது மனசு அடங்குமே என்று ஆசைப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டேனியல் ஒரு சட்டம் போட்டார். முறுமுறுத்தவர் நின்ற இடத்திலேயே நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பிடிக்கும் வேலை அபிக்கு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களைப் பிடிக்கும் அதிகாரம் ஐந்து வயதில் யாருக்குக் கிடைக்கும்?

பாட்டுக் கச்சேரி

கேமரன் மலையில் மழைக்காலத்தில் முறுமுறுக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள்.

துணி காயாது. ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டாலும், மறுநாள் போடும்போது முதுகில் குளிர்ந்த கை வைத்தது போல இருக்கும். காலணிக்குள் பூஞ்சணம் பூக்கும். தண்ணீர் நின்றுவிடும். திரும்பி வந்தால் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வரும். பள்ளி விடுமுறை விட்டால் சமவெளிக் கார்கள் எல்லாம் மேலே ஏறிவிடும். பிரிஞ்சாங் டவுனில் காய்கறி வாங்கப் போனவர் சமைக்கிற நேரத்துக்குள் திரும்ப முடியாது.

அப்படி ஒரு நெரிசலில் மாட்டிக்கொண்டு, முன்னால் குறுக்கே நின்ற சுற்றுலா பஸ்ஸைப் பார்த்து டேனியல் என்னவோ சொன்னார். பின்னாலிருந்து அபி துள்ளினாள்.

"அப்பா முறுமுறுத்துட்டாரு! பாடுங்கப்பா, பாடுங்க!"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் தட்டிக்கொண்டு பாடினார். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகம் பாடியது நான்தான். துணிக்காகப் பாடினேன். கேக்கில் எறும்பு இருப்பதாகச் சண்டை போட்ட பெண்மணிக்காகப் பாடினேன். அபிக்கு இருமல் வந்தபோது, "மழை விடுற மாதிரியே இல்ல, பிள்ளைக்கு நெஞ்சுச்சளி வந்துருமோ" என்று நான் சொன்னதற்கும் பாட வேண்டியிருந்தது.

"அது கவலைங்க. முறுமுறுப்பு இல்ல" என்றேன்.

"கவலையும் முறுமுறுப்புத்தான்மா. குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்றது, அவ்வளவுதான். பாடு" என்றார் டேனியல்.

பாடினேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வேலியோரம் வந்து நின்றார். தோட்டத்து நாற்று நர்சரியில் வேலை செய்பவர். ஒளிவுமறைவு தெரியாத வாய்.

"என்னா லா இது, தெனம் உங்க வூட்டுல கச்சேரியா இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ சாமி! அப்படின்னா நானெல்லாம் விடிய விடிய பாடணும். எங்க மாரியம்மாகிட்ட நான் நேராவே ஏசிருவேன்லா. கண்ணு இருக்கா இல்லையான்னு கேப்பேன். அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கும்."

"கோவிச்சுக்காதாக்கா?"

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும். அதுக்கும் என்னை விட்டா யாரு இருக்கா?"

அதற்குப்பின் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எரிச்சல் தாங்காதபோது செல்வி அக்காவிடம் போய்ச் சும்மா நிற்பேன். தண்ணீரைப் பற்றி, மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி அவரே திட்டித் தீர்ப்பார். என் பங்கும் அதில் சேர்ந்துவிடும். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஸ்தோத்திரம் என்று வீடு திரும்புவேன். இதையெல்லாம் சட்டத்தில் எப்படிக் கணக்கு வைப்பார்களோ தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்த வித்தை

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒரு சங்கதி.

ஈப்போவில் நாங்கள் வளர்ந்த வீட்டிலும் நாள் முழுக்க ஸ்தோத்திரம்தான். சோற்றுப் பானையை இறக்கிவைத்தால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே." முதுகு பிடித்துக்கொண்டால் அதே சொல், ஆனால் நடுவில் ஒரு மூச்சு வாங்கி. லோரி ஓட்டப் போன அப்பா நேரம் கழித்து வந்தால், கதவைத் திறந்துகொண்டே பல்லிடுக்கில் "ஸ்தோத்திரம்." அதைக் கேட்டதும் நானும் அண்ணனும் படுக்கப் போய்விடுவோம்.

சொல் ஒன்றுதான். குரலைக் கேட்டாலே எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அம்மா நன்றி சொன்னால் அதற்குள் வலியும் இருக்கும், கோபமும் இருக்கும். ஒன்றையும் அவர் வெளியே விட்டுவிட்டு வந்ததில்லை. சுமையை இறக்காமலேயே கும்பிடுகிற மாதிரி.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தை எப்படி வரும்? நாங்கள் அவளுக்குச் சொல்லை மட்டும் கொடுத்தோம். கூடவே ஒரு தண்டனையையும்.

ஒரு பாட்டும் பாடாதவள்

மாதம் பாதி கடந்தபோது, அபி ஒருமுறைகூடப் பாட்டுப் பாடவில்லை என்பதைக் கவனித்தோம். மற்ற நேரத்தில் பாடச் சொன்னால் நிறுத்த மாட்டாள். ஆனால் தண்டனையாகப் பாடுவது அவளுக்கு அவமானம். கீரை வைத்தால், "ஸ்தோத்திரம்." மழையில் விளையாடப் போகக் கூடாது என்றால் உதடு பிதுங்கும், பிறகு, "ஸ்தோத்திரம்."

டேனியல் இதைப் பெருமையாகப் பாஸ்டரிடம் சொன்னார். பாஸ்டர் சபையில் சொன்னார். ஸ்தோத்திர ஞாயிறன்று அபி முன்னால் வந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லாருக்கும் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது. என் தலை கொஞ்சம் கனத்திருந்ததை மறைப்பானேன்.

இருமல் போய்ச் சளி வந்தது. அதே நேரத்தில் அவள் சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையாக மாறினாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவியைச் சத்தமாக வைத்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே பல தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"காது கேக்குதா இல்லையாடி உனக்கு?"

என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம்மா" என்றாள்.

வேறொரு மாதமாக இருந்தால் அன்றே கிளினிக்குக்கு ஓடியிருப்பேன். தும்மினாலே ஓடுகிறவள்தான். ஆனால் கவலையும் முறுமுறுப்பு என்றாகிவிட்டதே. இந்த ஒரு மாதம் நம்பிக்கையோடு இருப்போம் என்று என்னை நானே அதட்டி உட்கார வைத்தேன்.

பிறகு ஒரு காலையில் அவள் தலையணையைத் தட்டிப் போட எடுத்தேன். உறையில் மஞ்சள் கறை. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். அழுகல் வாடை. ஓடிப்போய் அவள் முடியை ஒதுக்கினேன். இடது காதிலிருந்து சீழ் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது.

"அபி, வலிச்சுச்சாடா?"

"இப்ப வலிக்கலம்மா. முந்தி வலிச்சுச்சு."

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தாள். "சொன்னா பாடணும்ல? நான் ஸ்தோத்திரம் சொன்னேன்மா. நெறைய தடவ சொன்னேன்."

கிளினிக்கில்

டாக்டர் ஒரு சீனப் பெண். மலாயில் பேசினார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சாக்கிட்?" என்று கேட்டார். வலிக்கிறதா என்று அர்த்தம். அபி தலையை ஆட்டி இல்லை என்றாள். காதுக்குப் பின்னால் அமுக்கி மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை. ஆனால் அவள் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே சளி சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மருந்து தருவதாகச் சொன்னார். தண்ணீர் படக் கூடாது. ஆனால் மறுபடி வலி வந்தால் அன்றே கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் காதில் கேட்பது நிரந்தரமாகக் குறைந்துவிடலாம். இப்போதே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிறகு ஈப்போவில் சோதிக்க வேண்டும்.

"வலி வந்தால் பிள்ளை சொல்வாள்தானே?" என்று கேட்டார்.

சுத்தம் செய்யப் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டபோது அபி அலறினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, உடம்பை வில்லாக வளைத்து, "வலிக்குதும்மா! ஐயோ வலிக்குதும்மா!" என்று கத்தினாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குள் ஏதோ உடைந்து இறங்கியது. சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இன்னும் சொல்லத் தெரிகிறது. "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த மாதம் முழுக்க நான் யோசிக்காமல், கணக்குப் பார்க்காமல், மனசின் அடியிலிருந்து சொன்ன நன்றி அது ஒன்றுதான்.

அபி சட்டென்று நிறுத்தினாள்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. தன்னைத்தான் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "இல்லடா, அழுடா, கத்துடா" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் அதே சொல்லைச் சொன்னாள்.

அதன் பிறகுதான் கார். மழை. டேனியல் திரும்பி உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"வலிச்சா கத்தலாம், பாப்பா. ஆண்டவரே சிலுவையில கத்துனாருல்ல?"

அபி யோசித்தாள். பிறகு முதலில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டாள். அவரையும் பாட வைத்தார்களா என்று.

டேனியல் திரும்பி, வைப்பரைப் போட்டார். 

ஸ்தோத்திர ஞாயிறு

அபியால் சாட்சி சொல்ல முடியாது என்று பாஸ்டரிடம் சொன்னேன். அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள் சிஸ்டர் என்றார். போகலாமா வேண்டாமா என்று வாரம் முழுக்க அல்லாடினேன். கடைசியில் சபைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அபிக்குக் காது வலிச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"ஆமென்" என்றது முன்வரிசை.

"எங்ககிட்ட சொல்லல."

"அல்லேலூயா!"

"முறுமுறுக்கக் கூடாதுன்னு பிள்ள வாய மூடிக்கிட்டே இருந்துட்டா. காதுல சீழ் பிடிச்சி..."

"ஸ்தோத்திரம்!"

"கொஞ்சம் பேசாம இருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

 தகரக் கூரையில் தூறல் விழுவது மட்டும் கேட்டது. அவர்கள்மேல் தப்பில்லை. சாட்சி என்றால் முடிவில் நல்லது வரும், நடுவில் ஆமென் சொல்ல வேண்டும் என்றுதான் எல்லாரும் பழகியிருக்கிறோம். என் சாட்சிக்கு முடிவு இன்னும் வரவில்லை. மிச்சத்தை நாலு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.  பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் சொன்னது தப்பாயிருச்சா, சிஸ்டர்?"

"நீங்க சொன்னது சரிதான், பாஸ்டர். அதான் எனக்குக் கோபமா வருது."

அவர் அபியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "பாப்பா, வலிச்சா அம்மாகிட்ட சொல்லணும். உடனே சொல்லணும். அது முறுமுறுப்பு இல்ல. பாஸ்டர் சொல்றேன், சரியா?"

"சரி, பாஸ்டர்" என்றாள் அபி. "ஸ்தோத்திரம்."

உங்களிடம் ஒன்று

நன்றி சொல்வதை நான் விட்டுவிடப் போவதில்லை. கெட்ட நாளிலும் சொல்ல வேண்டும் என்பதை இப்போதும் நம்புகிறேன். கிளினிக்கில் என் வாயிலிருந்து வந்ததைப் போல ஒன்று வருமானால், அதற்காக இன்னும் எத்தனை மழைக்காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஆனால் வலிக்கிறது என்று சொன்ன பிறகு வருகிற நன்றி அது. வலிக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக வருகிற நன்றியை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இப்படி எழுதுவதே முறுமுறுப்போ என்று இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டோம். ஆனால் அபி மாறவில்லை. கதவில் விரல் நசுங்கினாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். எது சரியான பதில் என்று தேடுகிறாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். வலிக்கவில்லையே என்று மாற்றிக் கேட்டால், அதற்கும் ஆமாம் என்கிறாள்.

பிள்ளை வளர்த்தவர்களே, உங்களிடம் கேட்கிறேன். கடவுளுக்கு நன்றி சொல்வதையும் விடாமல், வலியையும் மறைக்காமல் சொல்ல ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிப் பழக்குவது? விளையாட்டோ, கதையோ, உங்கள் வீட்டில் எது எடுபட்டதோ அதை எழுதுங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் எழுதுங்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. ஈப்போவில் சோதனைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்களாம். சத்தம் கேட்காவிட்டாலும் இவள் தூக்கிவிடுவாள்.